படுக்கையோரத்து வேதாகமப் பெட்டி: எல்லைப்புற வீடுகளில் எப்படி இருக்கிறது?

வயதானவர்களுக்கும் படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கும் வேதவசனம் கேட்கக் கொடுக்க ஒரு கருவி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொத்தானை அமுக்கினால் வேதாகமத்தை வாசித்துக் காட்டும் சிறிய ஒலிப்பெட்டி இது. வாங்கலாம், தயங்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் வைத்துவிட்டு வந்தால் ஊழியம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் மட்டும் வாங்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். வீடு களியக்காவிளைக்குப் பக்கம். ரோட்டில் கொஞ்சம் நடந்தால் பாறசாலை, கேரளம். எங்கள் சபையில் வீடு சந்திக்கப் போகும் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு குழுவாக இருக்கிறோம். புண் துடைத்துக் கட்டுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பது, சும்மா கூட இருந்து பேசுவது, இவைதான் வேலை. பனச்சமூடு, வெள்ளறடை, குன்னத்துகால் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் போகிறோம். நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது. 1956இல் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே, தங்கை இங்கே.

பெட்டியின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. இதே பெட்டி பல பெயரில், பல சங்கங்களின் ஸ்டிக்கரோடு வருகிறது. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எதை வாங்கினாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

குமரி மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 2011 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள், பிறகு கேட்கும் வேதாகமம் எதற்கு என்று எங்கள் போதகரே கேட்டார். நியாயமான கேள்வி. பதில் வீட்டுக்குள் போனால் தெரியும். பாட்டிக்குப் படிக்கத் தெரியும், ஆனால் கண்ணில் புரை, சர்க்கரை வேறு. மகன் அதிகாலையில் ரப்பர் வெட்டப் போகிறான், மருமகள் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறாள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறார்கள். பாட்டியோடு தமிழில்தான் பேசுவார்கள். ஆனால் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. அந்த வீட்டு அலமாரியில் கறுப்பு அட்டை போட்ட தமிழ் வேதாகமம் இருக்கிறது. அதை எடுத்து வாசித்துக் காட்ட ஆளில்லை. கேரளப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். 1715இல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இந்திய மொழிகளில் அதுதான் முதல். முந்நூறு வருடத்துக்கு மேல் அச்சில் இருக்கிற வேதம், நம் வீட்டிலேயே, எட்டிப் பிடிக்க முடியாத இடத்தில் இருக்கிறது. அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் பெட்டி.

போனில் கேட்கலாமே என்றும் சொல்வார்கள். இளையவர்களுக்கு அது சரி. யூவெர்ஷன் வேதாகம ஆப் 2008 முதல் இருக்கிறது, காசு கேட்பதில்லை, தமிழும் மலையாளமும் இருக்கிறது, நானே தினமும் அதில்தான் வாசிக்கிறேன். ஆனால் எண்பது வயதுக் கையில் தொடுதிரை நிற்காது. விரல் நடுங்கினால் வேறு எதையாவது திறந்துவிடும். வீடியோவில் சங்கீதம் போட்டுக் கொடுத்தால் இரண்டாம் வசனத்துக்கும் மூன்றாம் வசனத்துக்கும் நடுவில் நகைக்கடை விளம்பரம் வந்து அலறுகிறது. வீட்டில் இருக்கும் போனோ மகனோடு வேலைக்குப் போய்விடும். பகல் முழுவதும் தனியாகக் கிடப்பவருக்கு, அவருக்கே சொந்தமாக, பொத்தானை அமுக்கினால் பேசுகிற ஒன்று வேண்டும்.

இனி பெட்டி. உள்ளங்கையில் அடங்கும், சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. முன்னால் ஸ்பீக்கர், அதன் கீழே ஒன்று முதல் பூஜ்யம் வரை எண் பொத்தான்கள், சிறிய திரை. பின்னால் சோலார் தகடு. பக்கத்தில் மெமரி கார்டு சொருகும் இடம், ஹெட்போன் துளை, சார்ஜ் துளை. உள்ளே பழைய நோக்கியா போன்களில் போடுவோமே, அந்த பிஎல்-5சி பேட்டரி, 1020 எம்ஏஎச். இது பெரிய நன்மை. பேட்டரி உப்பிப் போனால் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், மார்த்தாண்டத்தில் எந்த போன் கடையிலும் மாற்றுப் பேட்டரி கிடைக்கும். பேட்டரியைக் கழற்ற முடியாதபடி ஒட்டி வரும் பெட்டிகளும் உண்டு. விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள்.

எண் பொத்தான் இருக்கிற பெட்டியாகவே பாருங்கள். வெறும் 'அடுத்தது', 'முந்தையது' மட்டும் உள்ளதில் யோவானுக்குப் போக ஆதியாகமத்திலிருந்து அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தம் 66 புத்தகம், 1189 அதிகாரம். எண் உள்ளதில் புத்தக வரிசைப்படி போகலாம். சங்கீதம் 19, மத்தேயு 40, யோவான் 43. நாங்கள் வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் இதை எழுதி, பெட்டியின் முதுகில் ஒட்டினால் சோலார் மறையும் என்பதால், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். கண் சுத்தமாகத் தெரியாதவர்களுக்கு ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு சொட்டு பெவிகுயிக் விட்டுக் காயவைத்தால் விரலுக்கு மேடு தட்டும். அதிலிருந்து மற்ற எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

கடையில் நின்றே செய்ய வேண்டிய ஒரு சோதனை. மத்தேயுவை ஓடவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தி, மறுபடி போடுங்கள். விட்ட இடத்தில் தொடங்கினால் நல்ல பெட்டி. முதலிலிருந்து தொடங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பொத்தான் பழகாத பாட்டி தினமும் 'ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்' என்பதையே கேட்டுக்கொண்டிருப்பார். மலைப்பிரசங்கத்துக்கு ஒருநாளும் வந்து சேரமாட்டார்.

சோலாரை நம்ப வேண்டாம். எங்கள் பக்கம் ஜூனில் தொடங்கும் மழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று, இரண்டுமே வந்துவிடும். போதாததற்கு வீட்டைச் சுற்றி ரப்பர். ஜன்னல் திண்டில் வைத்தால் அரைமணி நேரம் பேசும் அளவுக்குக்கூட ஏறாது. கரண்டில் சார்ஜ் போடுவதுதான் வழி. சார்ஜ் துளை டைப்-சி ஆக இருந்தால் வீட்டு போன் சார்ஜரே போதும். பழைய மாதிரி மெல்லிய பின் வைத்ததென்றால் தலைகீழாகச் சொருகி உடைத்துவிடுகிறார்கள்.

அடுத்து குரல். இது பெட்டியைவிட முக்கியம். தமிழ் ஒலிப்பதிவுகளில் நாடகமாகச் செய்தது ஒன்று. இயேசுவுக்கு ஒரு குரல், பேதுருவுக்கு ஒரு குரல், கடல் கொந்தளிக்கும் சத்தம், பின்னணி இசை. ஒருவரே அமைதியாக வாசித்துப் போவது இன்னொன்று. முதலாவதைக் கேட்டதும் நமக்குப் பிடித்துவிடும். வயதானவர்களுக்கு இரண்டாவதையே கொடுங்கள். வயதில் காது மந்தமாகும்போது முதலில் போவது கூர்மையான ஒலிகள். ச, த, ப எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். அதன்மேல் வயலினும் புயலும் சேர்ந்தால் வசனம் கரைந்துவிடும். குன்னத்துகால் பக்கம் ஓர் அம்மை, 'பாட்டு நல்லாத்தான் இருக்கு மக்களே, வசனம் எப்ப வரும்?' என்று கேட்டார். வசனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் சபை முதியவர்களுக்குப் பழைய மொழிபெயர்ப்புதான் நாக்கில் இருக்கிறது. பெட்டி பாதி வசனம் சொல்வதற்குள் மீதியை இவர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள். ஞாபகம் தப்பிப்போன ஒரு பாட்டி, பெற்ற மகளின் பெயரை மறந்தவர், 23ஆம் சங்கீதம் முழுவதையும் பெட்டியோடு சேர்ந்து உதட்டை அசைத்துச் சொன்னதை நான் பார்த்தேன். புதிய நடையில் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. வேதத்தை முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்கு 'தேவரீர்', 'சொஸ்தம்' எல்லாம் தடுக்கும். அவர்களுக்கு எளிய நடை உள்ள கார்டு வேறாக வைத்துக்கொள்கிறோம். கத்தோலிக்க வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அவர்கள் கேட்ட முதல் கேள்வியே 'தோபித்து, மக்கபேயர் எல்லாம் உண்டா?' என்பதுதான். 66 புத்தகம் உள்ள கார்டில் இருக்காது. அவர்களுக்கு 73 புத்தகம் உள்ள திருவிவிலியம் வேண்டும். அந்த ஒலிப்பதிவைத் தனியே தேடி ஏற்றிக் கொடுக்கிறோம். நம் சபைக் கார்டையே எல்லா வீட்டிலும் திணிப்பது மரியாதை இல்லை.

மலையாளமும் அதே கார்டில் இருந்தால் எல்லைப்புறத்துக்கு வசதி. மிஷனரி பெஞ்சமின் பெய்லி கோட்டயத்தில் இருந்து 1841இல் முழு வேதாகமத்தையும் மலையாளத்தில் முடித்தார். 1910இல் வந்த பதிப்புதான் இன்றும் பல சபைகளில் கேட்கிறது. மாமியார் காலையில் தமிழில் கேட்பார், மருமகள் ராத்திரி அடுக்களையில் மலையாளத்தில் கேட்பாள். ஒரே பெட்டி.

இனி சத்தம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தப் பெட்டியில் ஒலியை எவ்வளவு கூட்டலாம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். ஐம்பது பேர் கேட்கலாம், நூறு பேர் கேட்கலாம் என்று. எனக்கு வேண்டியது நேர் எதிர். எவ்வளவு குறைக்கலாம்? ஒரு கட்டிலில் கிடப்பவருக்கு மட்டும் கேட்டு, அடுத்த அறையில் படிக்கிற பிள்ளைக்குக் கேட்காத அளவுக்குக் குறைகிறதா? நான் பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவை மிகக் குறைந்த அளவிலும் வாசல் வரை கேட்கின்றன. இது பெரிய குறை. தயாரிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து திருத்துங்கள்.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் நடந்தபோது நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு வெகுகாலம், பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகத் தயங்கியதை என் கண்ணால் பார்த்தேன். மைக் கட்டிப் பேசுவதால் யாருடைய மனமும் கர்த்தர் பக்கம் திரும்பியதை நான் கண்டதில்லை. மனம் கசந்ததைத்தான் கண்டிருக்கிறேன். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது, ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நாம் அதை மீறிவிட்டு அன்பைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

சுவிசேஷம் சொல்வதை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை விட்டால் நான் யார்? 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வராமலும், அதற்கு முன்பே மயிலாடிக்காரர் வேதமாணிக்கம் விசுவாசத்துக்குள் வந்து அவரை அழைக்காமலும் இருந்திருந்தால், என் அம்மையின் அம்மை எழுத்துப் படித்திருக்கமாட்டார். அவர் பைபிள் உமனாக இருந்தவர். குடையும் துணிப்பையுமாக வீடு வீடாக நடந்து, திண்ணையில் இருந்து பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, ஒரு வசனம் வாசித்து, ஜெபித்துவிட்டு வருவார். உள்ளே வா என்றால் போவார். வேண்டாம் என்றால் திண்ணையோடு திரும்புவார். அந்த நடைதான் எனக்குத் தெரிந்த ஊழியம். இன்றைக்கும் அது மாறவில்லை என்றே நினைக்கிறேன். காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு நூறு பேருக்கு வசனம் அனுப்புவதும், களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி திணிப்பதும் அதற்கு ஈடாகாது. அந்தக் கைப்பிரதிகள் பஸ் கிளம்பிய பின் தரையில் மிதிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கிறது.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவையும் சொல்லிக் கொடுக்கிறோம். விசுவாசிக்கவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை உண்டு. ஆனால் பரப்பும் உரிமை என்பது நம் நம்பிக்கையை எடுத்துச் சொல்லும் உரிமைதான், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதைக் குறை சொல்லும் ஊழியர்கள் உண்டு. எனக்கு அது இடையூறாகத் தெரியவில்லை. மனதைத் திருப்புவது பரிசுத்த ஆவியானவரின் வேலை. எனக்குக் கொடுத்திருப்பது சொல்லும் வேலை, அதுவும் கேட்க விரும்புகிறவருக்கு.

அதனால் சில ஒழுங்குகளைக் கறாராக வைத்திருக்கிறோம். புண் கட்டப் போகும் முதல் சந்திப்பில் பெட்டியைக் கொண்டு போவதில்லை. மருந்துப் பையும் பெட்டியும் ஒரே கையில் போகக் கூடாது. இதைக் கேட்டால்தான் அதைச் செய்வார்கள் என்று படுக்கையில் கிடப்பவருக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றக் கூடாது. அவர் வேறு ஆளை வரச்சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார், அதை நாம் மறக்கவே கூடாது. அவராகக் கேட்டால், அல்லது நாங்கள் ஜெபிக்கலாமா என்று கேட்டதற்கு அவர் மனதாரச் சம்மதித்து மேலும் கேட்டால், வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை வைக்கிறோம். பாறசாலைக்கு அப்பால் ஓர் இந்து வீட்டில் அந்த அம்மை தானாகவே கேட்டார். சிறுவயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கேட்ட கதைகள் மறுபடி வேண்டுமாம். மகனிடம் கேட்டோம். 'அம்மைக்கு வேணும்னா வச்சிட்டுப் போங்க சிஸ்டரே. சத்தம் வெளிய வரண்டாம், அவ்வளவுதான்' என்றார். சாயங்காலம் விளக்கு வைத்து முடிந்த பிறகு அந்த அம்மை ஹெட்போன் போட்டுக் கேட்கிறார். ஹெட்போன் துளை இல்லாத பெட்டியாக இருந்தால் இது நடந்திருக்காது. காதுக்குள் சொருகும் வகை அவர்களுக்கு வலிக்கும். தலைமேல் மாட்டும் பஞ்சு வைத்த வகை வாங்குங்கள்.

இப்படி ஒலியைக் கையில் கொடுக்கும் யோசனை ஒன்றும் புதிதல்ல. ஹோண்டுராசில் மிஷனரியாக இருந்து நோயோடு ஊர் திரும்பிய ஜாய் ரிடர்ஹாஃப் என்ற பெண், லாஸ் ஏஞ்சல்சில் 1939இல் இந்த ஒலிப்பதிவு ஊழியத்தைத் தொடங்கினார். தான் போக முடியாத கிராமத்துக்குத் தன் குரலாவது போகட்டும் என்று இசைத்தட்டில் பதிந்து அனுப்பினார். பிற்பாடு அவர்கள் அட்டையால் மடித்துச் செய்த ஒரு ரெக்கார்டு பிளேயரையும் கொண்டுவந்தார்கள். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். தட்டின் துளையில் பென்சிலை வைத்துக் கையால் சுற்ற வேண்டும், அட்டையே அதிர்ந்து பேசும். நோய் ஒரு பெண்ணை வீட்டில் உட்காரவைத்ததில் இருந்து பிறந்த ஊழியம் இது. படுத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியைக் கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

ஆனால் பெட்டியால் முடியாதது ஒன்று உண்டு. முதலில் சொன்ன எச்சரிக்கை அதற்குத்தான்.

வெள்ளறடைப் பக்கம் ஒரு பாட்டா, அதாவது தாத்தா. பனையேறியாக இருந்தவர், பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வருடக்கணக்காகக் கிடக்கிறார். கோயிலுக்கும் அதிகம் போனவரில்லை, சபைக்கும் வந்தவரில்லை. பக்கத்து வீட்டில் பெட்டி பேசுவதைக் கேட்டுத் தனக்கும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கொடுத்தோம். அடுத்த முறை குழாய் மாற்றப் போனபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். பெட்டி அணைந்திருந்தது. என்ன பாட்டா என்றேன்.

'சிஸ்டரே, முப்பத்தெட்டு வருசமா கிடக்கியவன்கிட்ட சொகமாவ மனசுண்டாண்ணு கேக்கியதா? கண்டா தெரியாதா அவருக்கு?'

யோவான் ஐந்தாம் அதிகாரம். முப்பத்தெட்டு வருடம் நோயாளியாய் இருந்து, குளத்தில் இறங்கினால் சுகம் என்று பெதஸ்தா குளத்து மண்டபத்தில் கிடந்த மனுஷனை, சுகமாக விரும்புகிறாயா என்று இயேசு கேட்ட கேள்வி. கோபம் நியாயமானது. நான் கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 'ஆஸ்பத்திரியிலயும் தொடுறதுக்கு முன்ன கேக்கணும் பாட்டா. கேக்காம தூக்கினா அவன் மனுஷனில்ல, சாமான். அதுவரைக்கும் அந்த மண்டபத்துல அவனை யாரும் ஒண்ணும் கேட்டிருக்கமாட்டா.'

பாட்டா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'அவன் உண்டுண்ணு சொல்லல்லியே. தூக்கி விட ஆளில்லண்ணுல்லா சொன்னான்' என்றார்.

அந்த அதிகாரத்தை நான் சிறுவயது முதல் வாசிக்கிறேன். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கேட்ட கேள்விக்கு அவன் பதிலே சொல்லவில்லை என்பதையும், சொன்னது ஆளில்லாத வேதனையைத்தான் என்பதையும் இவரைப் போலக் கேட்டுப் பிடித்தவரை நான் பார்த்ததில்லை. அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். பெட்டியால் முடியவில்லை. பின்னால் போகும் பொத்தானை அமுக்கினால் அதிகாரத்தின் முதல் வசனத்துக்கே போய்விடுகிறது. அமுக்கிப் பிடித்தால் எங்கே நிற்கும் என்று தெரிவதில்லை. பையிலிருந்த வேதாகமத்தை எடுத்து நானே வாசித்தேன், அவர் போதும் என்கிறவரை. அதன் பிறகு அவர் பேசியது வசனத்தைப் பற்றி அல்ல, தன் வீட்டைப் பற்றி. அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அன்றைக்கு மற்ற வீடுகளுக்குப் போக முடியவில்லை. மற்ற பெண்களுக்கு போன் செய்து பிரித்துக்கொடுத்தேன்.

ஆகவே ஒரு சபை பெட்டிக்குப் பணம் ஒதுக்கும்போது, அந்த வீட்டுக்குப் போய் இருந்து கேட்க யார் போவார்கள் என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். ஆள் இல்லாவிட்டால் பெட்டி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் போகும் ஆளுக்கு ஏற்றபடிதான் பெட்டி வாங்குகிறோம். கேட்கும் வீடுகள் அதைவிட அதிகம், காத்திருக்கச் சொல்லும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது. போகிறவர்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 'எனக்குத் தெரியாது, கேட்டுவிட்டு வருகிறேன்' என்று சொல்லி, சொன்னபடி திரும்பி வந்தால் போதும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது ஒலி போதுமான அளவு குறையாததற்கும், ஒரு வசனத்துக்குத் திரும்பிப் போக முடியாததற்கும்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டொரு விஷயம். மெமரி கார்டில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் சினிமாப் பாட்டு ஏற்றப் போய் வேதத்தை அழித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. கோப்புகளுக்கு முன்னால் எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சில பெட்டிகள் அகர வரிசையில் ஓட்டி, அப்போஸ்தலர் நடபடிகளையும் ஆகாயையும் ஆதியாகமத்துக்கு முன்னால் கொண்டுவந்துவிடும். சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி இல்லாவிட்டால் எறும்பு போகும், சின்னத் துணிப்பை தைத்துப் போட்டு வையுங்கள். வீட்டில் ஒரு மரணம் நடந்தால் பெட்டியைத் திருப்பிக் கேட்காதீர்கள். வேண்டாம் என்றால் அவர்களே கொண்டுவந்து தருவார்கள்.